யாமினியின் போர்டுக்கு வைத்த பொட்டு

புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஸ்ரீஹரிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாயிருக்கிறது, மனசுதான் சரியில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். சிப் செய்து பழகுகிற எஃப்.பி.ஜி.ஏ. போர்டு எதை வாங்கலாம் என்று உன் தங்கை யாமினி உன்னை மூன்று தடவை கேட்டாள். திரையில் படம் வரைகிற சிப்பைத் தானே வடிவமைத்துப் பழகவேண்டும், அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி வைக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. சிப் கம்பெனியிலேயே வேலை பார்க்கிறவன் நீ, ஒரு வரி பதில் போட உனக்கு மனசு வரவில்லை. கடைசியில் நெட்டில் முகம் தெரியாதவர்களைக் கேட்டுக் கேட்டு அவளே முடிவு செய்தாள். பெரிய போர்டு விலையும் அதிகம், அதன் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் வேறு வாங்கவேண்டுமாம். சின்னதுக்கு எல்லாம் இலவசம், வயரைச் சொருகி டிவியிலும் பார்க்கலாம், பழக இது போதும் என்றாள். போர்டு வந்த பத்தாம் நாள் நம் வீட்டு டிவியில் ஒரு சிவப்பு முக்கோணம் சுற்றியது, அப்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அவள் திருப்பதிக்குப் போயிருந்தாள். மிக்ஸிக்கும் உன் நைனாவின் வண்டிக்கும் பொட்டு வைத்த கையோடு அவள் போர்டுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமம் இட்டு, தண்ணீரும் தெளித்தேன். வயர் லேப்டாப்பில் சொருகியபடி இருந்ததை நான் கவனிக்கவில்லை. போர்டிலிருந்த சின்ன விளக்கு அணைந்துபோனது. பயந்துபோய் முந்தானையால் துடைத்து வைத்தேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் திரும்பி வந்து, போர்டு வேலை செய்யாததைப் பார்த்த அவள், நான்தாம்மா வோல்டேஜ் அதிகமா குடுத்துட்டேன், தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பண்ணிக்கினு கீறேன், எனக்கு இது வராதுன்னு தெரிஞ்சிதான் அண்ணன் பதிலே போடல என்று சொல்லி அழுதாள். அப்போதும் நான் சொல்லவில்லை. எப்படிப்பட்ட தாய் பார். இப்போது ஸ்ரீ சிட்டி ஃபேக்டரி ஒன்றில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டாள், புதன்கிழமை சேரவேண்டும். உன் நைனா, வேலைன்னு ஒண்ணு இருந்தா சரி என்கிறார். வேலையில் ஒரு குறையுமில்லை, தனக்கு எதுவும் வராது என்று நம்பிக்கொண்டு போகிறாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள், போர்டைக் கெடுத்தவள் நான் என்று அவளிடம் சொல்லியிருப்பேன். அண்ணன் ஏன் பதில் போடவில்லை என்று கேட்டால், அதை அவனையே கேள் என்பேன். நீ நன்றாயிரு, நூறு வயசு இரு, வேளைக்குச் சாப்பிடு. அவளுக்கு எழுது.

உன்னையும் அவளையும் பெற்ற
தாட்சாயணி