கல்லில் அம்மா பெயர்

நவம்பர் 1, சனிக்கிழமை

நாளைக்குக் கல்லறைத் திருநாள். அம்மாவின் கல்லறைக்காக என் வீட்டுக்காரர் வெட்டிய பெயர்க் கல்லைப் பார்க்கத் தம்பியும் நானும் பட்டறைக்குப் போனோம். சவேரியம்மாள் என்ற பெயர் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிக் கிடந்தது.

முப்பது வருடமாகச் செம்புத் தகட்டில் இடம் வலம் மாற்றியே செதுக்கி, அதைத் தாளில் அச்சு எடுக்கிற மனுசன். கைப்பழக்கம் விடவில்லை.

"ஏங்க, எங்கம்மா உள்ள இருந்து வாசிக்கவா?" என்று சிரித்தேன். தம்பியும் சிரித்தான். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இனி எழுத்தே வெட்ட மாட்டேன்."

அப்புறந்தான் எனக்கு உறைத்தது. அவர் கல் சிற்பமும் செய்கிறவர். திண்டுக்கல் பட்டறையில் செதுக்கி டெல்லிவரை போய் நிற்கிற அந்தச் சிற்பங்களில் ஒன்றுகூட எனக்குப் புரிந்ததில்லை. வளைவும் ஓட்டையுமாக இருக்கும். இட்லிப்பானையா என்று கேட்பேன், சிரித்துக்கொள்வார். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிற மாதிரி அவர் செய்தது இந்த ஒரு கல்தான்.

சாயங்காலம் நானே மை டப்பாவைக் கொண்டுபோய், "இதையும் அச்சு போடுங்க" என்றேன். முறைத்தார். பிறகு கல்லில் மையை உருட்டி, தாளைப் பரப்பி, கரண்டி முதுகால் தேய்த்தார். உரித்தபோது கறுப்பில் வெள்ளையாக அம்மா பெயர் நேராக வந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாய் வாசித்தேன்.

"நாளைக்கு இதத்தான் கல்லறையில வைக்கப் போறேன்."

"மழ வந்தா நனஞ்சு போகும்ல?"

"நனஞ்சா இன்னொண்ணு போட்டுத் தாங்க. கல்லுதான் நம்ம வீட்ல கெடக்கே."

அவர் அடுத்த தாளை எடுத்தார்.