பின்பக்கம் நாலு விரல் இறங்கிய கார்

என் செல்லக் கோபக்காரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். உன் அப்பாவும் நலம்தான், ஆனால் பத்து நாளாக அவர் சட்டையில் கிரீஸ் படாத இடம் கிடையாது. துவைத்துத் துவைத்து எனக்கு அலுத்துவிட்டது.

பதினெட்டாம் தேதி வருகிறேன், ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம், வாடகைக் கார் பிடித்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், அம்மாவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்று தெரியும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ நாற்பது சொல்லிவிடுவாய். அதற்கு முன்னால் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறுமையாகப் படி.

நம் கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது உனக்குத் தெரியாததா? அப்பாவின் புத்தக பைண்டிங் கடை நடந்தபோது டிக்கி கொள்ளாமல் காகிதக் கட்டு வரும். பாரம் தாங்காமல் வண்டி தரையில் உட்காருகிறதென்று, பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைந்த இரும்புப் பட்டைகளோடு பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தார் அப்பா. கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. காகிதம் போயிற்று, பட்டை போகவில்லை. காலி வண்டி வாத்து மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதில் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வர வெட்கப்பட்டு நீ தெருமுனையிலேயே இறங்கிக்கொள்வாயே, அதே வண்டிதான்.

பத்து நாளைக்கு முன்னால் அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளக்க ஆரம்பித்தார். சோபா, சாப்பாட்டு மேஜை நாற்காலி, என் கட்டில். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார். இந்த மனிதர் சும்மா ஒரு துரும்பைக்கூட நகர்த்தமாட்டார். கட்டிலின் உயரத்தை மட்டும் இரண்டு தடவை அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பிறகு வெளியே போய்க் காரின் பின் கதவைத் திறந்து சீட்டை அளந்தார்.

மறுநாள் காலையில் உன் மாமா வந்து நின்றான். என் தம்பிதான், ஆனால் இந்த விஷயத்தில் உன் அப்பா கட்சி. இரண்டு பேருமாக வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முட்டுக்கட்டை கொடுத்து, கூடுதல் பட்டைகளைக் கழற்ற அடியில் படுத்துக்கொண்டார்கள். மெக்கானிக்கிடம் விடக்கூடாதா என்றேன். நாற்பது வருடம் புத்தகத்தைப் பிரித்துக் கட்டியவன், நாலு பட்டையைப் பிரித்துக் கட்டமாட்டேனா என்றார் உன் அப்பா. பிரித்தார், கட்டினார், அதில் குறையில்லை. ஆனால் பழக்கம் விடுமா? புத்தகத்தை பிரஸ்ஸில் வைத்து முழுக்க இறுக்கிவிட்டுத்தானே அவர் கையை எடுப்பார்! அதே கையோடு, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கிவிட்டார்.

வண்டியை இறக்கினால் அரை விரல்கூடத் தாழவில்லை. மாமா பின்னால் ஏறி உட்கார்ந்து குதித்தான். அவன் குதித்தால் வீடே தாழும், வண்டி அசையவில்லை. கழற்றிய பட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு உன் அப்பா நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கடைசியில் மெக்கானிக் வந்தார். பட்டையின் இரண்டு முனையிலும் ரப்பர் இருக்கிறதாம். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அப்படியே முறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை இறங்கவிடாதாம். "வண்டி தன் கால்ல நின்ன பிறகுதான் சார் இறுக்கணும்" என்றார். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளினார்கள். பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது. நிற்கவைத்தே திரும்ப இறுக்கினார்கள். டேப் வைத்தார் அப்பா. சரியாக நாலு விரல்.

அப்புறம் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வா, உட்காந்து பாரு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நான் குளியலறையில் விழுந்த பிறகு கால் சரியாகிவிட்டது என்று எழுதினேனே, அது பொய். கட்டுப் பிரித்த நாளிலிருந்து இடது முழங்கால் மடங்குவதில்லை. முன் சீட்டில் காலை நீட்ட இடமில்லை. பின் சீட்டில் நீட்டிக்கொள்ளலாம், ஆனால் அந்த உயரத்துக்கு என்னால் ஏற முடியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறலாம், தெருவே வேடிக்கை பார்க்கும். வாடகைக் காரில் போனால், சொந்த வண்டி வாசலில் நிற்க இதென்ன என்று கேட்பார்கள். எனக்கு வீட்டில் இருப்பதுதான் பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

போன வருடம் நீ வந்த நாலு நாளும், உன் முன்னால் நொண்டக்கூடாதென்றுதான் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. நீ அதை முகம் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாய். நீ கிளம்பும்போது மட்டும் எழுந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பின் சீட்டில் ஏறி, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, நீயும் வா அம்மா என்றாய். அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. நீ திரும்பிப் பார்க்காமல் போனாய். இத்தனை தூரத்து வேலைக்கு ஏன் போகிறாய் என்று நான் சண்டை போட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் அந்த வாரமே போய்விட்டது. வறட்டு கௌரவம்தான் போகவில்லை. என்னை மன்னித்துவிடு.

அப்பா உட்காந்து பாரு என்ற அன்றைக்குப் பின் சீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், என் கட்டிலில் உட்காருவது போலவே. யாரும் கைகொடுக்கவில்லை. காலைத் தூக்கி நீட்டிக்கொண்டேன். அப்பா கடைத்தெரு, பாலம், தபால் நிலையம் என்று ஒரு சுற்றுச் சுற்றினார். நம் பைண்டிங் கடை இருந்த இடத்தில் முடிவெட்டுகிறார்கள். தினமும் சாயங்காலம் இப்போது ஒரு சுற்று உண்டு. மாமா ஏறினால் வேகத்தடையில் சைலன்சர் இடிக்கிறது. அதனால் அவன் இனி பஸ்ஸில்தான் வரவேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவனுக்கு இரண்டு நாள் வருத்தம். இரண்டு நாளும் இங்கேதான் சாப்பிட்டான்.

அதனால் உனக்கும் சொல்கிறேன், ஊரையே மூட்டை கட்டாமல் ஒரே ஒரு பெட்டியோடு வா. வாடகைக் கார் வேண்டாம். முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள். பின் சீட்டு முழுக்க என் காலுக்குத்தான்.

நீ நல்லபடியாக வந்து சேரவேண்டும். ஸ்டேஷன் வாசலில் நம் வண்டியைத் தேடு, இப்போது அதற்கு வால் கிடையாது. நான் இறங்கி உன்னிடம் நடந்து வருவேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் எங்கேயும் போய்விடாமல் அங்கேயே நில்லு, கண்ணு.

இப்படிக்கு,
ஒரு கோபமும் இல்லாத
உன் அம்மா