முழுக்கை ரவிக்கை

தங்கச்சி,

கர்த்தருக்குள் அன்பான சகோதரின்னு எழுதிட்டு அடிச்சுட்டேன். அப்படிக் கூப்பிட எனக்குக் கூசுது.

கம்பைநல்லூர்ல உங்கம்மா வூட்டுக்கு நீ போனதுல இருந்து சபையில என் பக்கத்துல யாரும் உக்காரல. பாப்பாவுக்குச் சளி விட்டுச்சா?

அன்னிக்கு நம்ம சபை ஐயர், யாருக்காக ஜெபிக்கணும்னு ஜெபக்குறிப்பு கேட்டப்ப நான் எந்திரிச்சிருக்கவே கூடாது. "ஒரு சகோதரியோட வூட்டுக்காரர் கை நீட்டுறது நிக்கணும், ஜெபிச்சுக்குங்க"ன்னேன். பேரு சொல்லலையேன்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டேன். அந்தச் சித்திரை வெயில்ல முழுக்கை ரவிக்கை போட்டிருந்தது நீ ஒருத்திதான். எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்புச்சு. என்னை நம்பித்தானே கையில இருந்த காயத்தைக் காட்டினே.

நேத்து ஆராதனை முடிஞ்சு செருப்பு மாட்டுறப்ப ஒருத்தங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. "எனக்கும் வூட்ல அப்படித்தாங்கக்கா. அந்தப் புள்ளகூட நான் கொஞ்சம் உக்காந்து பேசணும்"னாங்க. அதுக்காக நான் செஞ்சது சரின்னு ஆயிடாது.

நீ சரின்னா சனிக்கிழமை பஸ்ல வருவாங்க. நான் வரல. நீ கூப்பிட்டாத்தான் வருவேன்.

அவங்க யாருன்னு இதுல எழுத மாட்டேன். அதை அவங்களே உன்கிட்ட சொல்லட்டும்.

நீ அக்கான்னு கூப்பிட்டவ