தொட்டியடியில் மண் எடுக்கும் குளவி

பொம்மிடி,
ஞாயிறு.

அன்புள்ள ராஜமேரிக்கு,

அருள்நாதன் எழுதுவது. அங்கே நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். லூர்துமேரி அக்கா புதன்கிழமை மறுபடி குவைத்துக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நம் மகள் ஜெனிஷா ஆறாவது போகிறாள். நீ விட்டுப்போன செருப்பு அவளுக்குச் சரியாகிவிட்டது.

எனக்கு இடுப்புக்குக் கீழே அப்படியேதான். புளியமரத்திலிருந்து விழுந்த பிறகு படுத்த அதே சன்னலோரக் கட்டில்தான். அம்மா புரட்டிவிடும்போது சுவர், இல்லையென்றால் சன்னல்.

அந்தச் சன்னல் சட்டத்தில் ஒரு குளவி மண்கூடு கட்டியது. வூடு பூரா மண்ணாக்குதுடா என்று அம்மா துடைப்பத்தை ஓங்கினார். விடும்மா என்று கத்திவிட்டேன். எனக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

நீ அனுப்பிய ஃபோனில் குளவி என்று அடித்துத் தேடினேன். கொட்டினால் என்ன தடவுவது, வீட்டில் கூடு கட்டினால் என்ன பலன், இவைதான் வந்தன. பிறகு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பக்கங்கள் தமிழிலேயே கிடைத்தன. அதில் பயிர்ப் பூச்சிகள்தான் அதிகம். கடைசியில் ஒரு தளம் அகப்பட்டது. படம் எடுத்து, ஊர்ப் பெயர் போட்டால், தெரிந்தவர்கள் பூச்சியின் பெயரைச் சொல்கிறார்கள். காசு இல்லை. ஆங்கிலத்தில் வருவதை ஃபோனே தமிழாக்கிவிடுகிறது.

அதில்தான் படித்தேன். குளவி சிலந்தியைக் கொட்டிக் கூட்டுக்குள் வைத்து மூடுகிறதாம். சிலந்தி சாகாதாம். அசைய மட்டும் முடியாதாம். அன்று ஃபோனைக் கவிழ்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் புரட்டச் சொன்னேன்.

மைசூரிலிருந்து சுகுணா என்று ஒரு டீச்சர் என் படங்களுக்குத் தமிழில் பதில் போடுவார். அது எங்க மண் எடுக்குதுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பாத்துச் சொல்றீங்களா என்று கேட்டார். நான் ஊரில் இல்லை என்று பொய் எழுதினேன். அந்தத் தளத்தில் யாருக்கும் என் கால் விஷயம் தெரியாது. அது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? ஆனால் அவர் சரி, வந்ததும் பாருங்க என்று எழுதிவிட்டார். எங்கிருந்து வருவது?

மறுநாள் பக்கத்து வீட்டுக் குப்புராஜைக் கூப்பிடச் சொன்னேன். அவரும் நம் தெருப் பையன் ஆண்டோவும் என்னைப் போர்வையில் கிடத்தி வெளியே தூக்கினார்கள். இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூக்கியாந்திருப்பமேங்கண்ணா என்று குப்புராஜ் கண்ணைத் துடைத்தார். யாரும் என்னைப் பார்க்க வேண்டாம் என்றுதானே கதவைச் சாத்தி வைத்திருந்தேன். தண்ணீர்த் தொட்டியடி ஈரத்தில் குளவி மண்ணை உருட்டி எடுத்தது. வீடியோ எடுத்து அனுப்பினேன், நான் எப்படி வெளியே வந்தேன் என்பதையும் சேர்த்து. டீச்சர் கால்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து எறும்பைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

பொழுது சாய உள்ளே கொண்டுவந்து போட்டார்கள். வெளியே பார்த்துவந்த பிறகு இந்த அறை இன்னும் சின்னதாகிவிட்டது, மேரி. தினமும் அவர்களைக் கூப்பிட முடியுமா? அம்மாவால் தூக்க முடியுமா?

போன வெள்ளிக்கிழமை ஃபோனில், அங்கே இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டாய். போடு என்றேன். அப்போது அம்மா பக்கத்தில் இருந்தார். வீடு பாதியில் நிற்கிற கவலை அவருக்கு. அதை என் பதிலாக எடுத்துக்கொள்ளாதே.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
அருள்நாதன்