மேனேஜர் சாப்பிடவில்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்று இரண்டு பல் செட் முடிந்தது. ஒன்று ஒரு பெரியவருக்கு. முன்பல் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி வேண்டுமாம். சொந்தப் பல் அப்படித்தான் இருந்ததாம். பொக்கை வாயான பிறகும் ஆசையைப் பார். விட்டுக் கொடுத்தேன். சிரித்தால் நன்றாகத்தான் இருப்பார்.

என் வீட்டுக்காரர் ஊருக்குப் போனதிலிருந்து வீட்டில் சமையல் இல்லை. ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைப்பது? பாத்திரம் கழுவும் தொட்டி பக்கத்தில் நின்றபடியே இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு டீ. முடிந்தது சாப்பாடு.

இவருடைய அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் கிடையாது. தம்பிதான் பார்க்க வேண்டும். "இங்கயே கூட்டிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். நாக்கில் முள்ளோடு பிறந்தவர் அந்த மனிதர். என்னை முதன்முதல் பார்த்த அன்றே, "பல்லு செய்யறவளா? அப்ப நல்லாக் கடிப்பாளே" என்றவர். அந்த நாக்கோடு ஒரே கூரைக்குக் கீழே என்னால் ஆகாது. இவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கழுதைகளிடம் மட்டும் ஆற அமர விடைபெற்றார்.

ஆமாம், கழுதைகள். காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர், ஓய்வு பெற்ற கையோடு ஒரு ஜோடிக் குட்டைக் கழுதை வாங்கி வந்தார். குட்டிகள் இல்லை, வளர்ந்தவைதான். இனமே அவ்வளவுதான் உயரம், என் இடுப்புக்குக்கூட வராது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை எல்லாருக்கும் தெரியும். பாதி தேய்ந்து நின்றுபோனதைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் கொல்லைக்கு வர வேண்டும். சாம்பல் நிறத்தது மேனேஜர். நான் என்ன செய்தாலும் குற்றம் கண்டுபிடித்த மாதிரியே பார்க்கும். பழுப்பு நிறத்தது பொட்டலம். சாயங்காலம் போனில் இவர் குரல் கேட்டால் போதும், மேனேஜர் தொண்டை கிழியக் கத்தும். எதிர்வீட்டு டெய்லர் படாரென்று ஜன்னலைச் சாத்துவார்.

"ரெண்டையும் உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்." இது இவர் வாசலில் சொன்னது. கொஞ்சம் சந்தேகத்தோடு சொன்ன மாதிரி இருந்தது.

மார்ச் 6, வியாழன்

மேனேஜர் சாப்பிடவில்லை. வைக்கோல் போட்டது போட்டபடி கிடக்கிறது. கொட்டில் மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. என்னைக் குறை சொல்லும் பார்வைகூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பல். வாயைத் திறந்து பார்த்தேன். பல்லெல்லாம் கச்சிதம், என் கையால் செய்தது போல. கழுதைக்கு வாழ்க்கைப்பட்டு உதைக்கு அஞ்ச முடியுமா என்பார்கள். நான் கழுதை வாங்கினவருக்குத்தான் வாழ்க்கைப்பட்டேன். ஆனாலும் உதை விழுந்தது எனக்குத்தான். முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருக்கிறது.

கால்நடை டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, நேர்மையான பொண்ணு. காய்ச்சல் பார்த்தார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார், விட்டையைக் கிளறினார். "ஒண்ணும் பிடிபடலைங்க. எங்க புத்தகத்துல குதிரைக்கு ஒரு அத்தியாயம் இருக்கும், கழுதைக்கு ஒரே ஒரு பத்திதான்" என்றார். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். "எதுக்கும் ரெண்டையும் தனித்தனியா வைங்க. தொத்து நோயா இருந்தா இன்னொண்ணுக்கும் வந்துடும்."

தனியாக வைப்பதை எனக்குச் சொல்லித் தரவேண்டுமா? என் வேலையறையில் ஒவ்வொருவர் வாய் அச்சுக்கும் ஒரு தட்டு, ஒரு எண், ஒரு பிரஷ். ஒன்று மாறினால் ஒருத்தர் பல்லை இன்னொருத்தர் மாட்டிக்கொண்டு அலைய வேண்டியதுதான். பொட்டலத்தை வீட்டு முன்பக்கம் கார் ஷெட்டுக்கு மாற்றினேன். கொல்லைப்புறத்து வாளிக்குச் சிவப்பு டேப், ஷெட் வாளிக்கு நீல டேப். செருப்புகூட இரண்டு ஜோடி. தரையெல்லாம் கிருமிநாசினி. செய்து முடித்தபோது உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

போனில் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. "மேனேஜர் குரலே கேக்கலையே?" என்றார். தூங்குகிறது என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

டாக்டரம்மா கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ரத்தத்தின் மேலே பால் மாதிரி மிதக்கிறது. கொழுப்பாம். இந்தக் குட்டைக் கழுதைகள் பட்டினி கிடந்தால், உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் கரைந்து ரத்தத்தில் இறங்கி ஈரலை அடைத்துவிடுமாம். நோய் எதுவாக இருந்தாலும் அதற்கு முன்னால் பட்டினியே கொன்றுவிடும். "எதையாவது சாப்பிட வைங்க. இப்போதைக்கு அது ஒண்ணுதான் வைத்தியம்." ஏன் சாப்பிடவில்லை? அதுதான் அவருக்கும் தெரியவில்லை. மற்ற பரிசோதனைகள் வரவேண்டும்.

குளுக்கோஸ் ஏற்றினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினார். கேரட்டைத் துருவினேன், ஆப்பிளை நசுக்கினேன், கெஞ்சினேன், திட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மார்ச் 8, சனி

பொட்டலமும் சாப்பிடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தொத்திடுச்சு. என்ன நோய்னே தெரியாத நோய், அது தொத்தியும் தொலைச்சிடுச்சு. நான் எங்க கோட்டை விட்டேன்? செருப்பை மாத்தினேனே. கையைக் கழுவிக் கழுவித் தோலே உரியுது. இன்னிக்கு ஷெட் கதவுக்கு வெளியிலயும் மருந்து தெளிச்சேன்.

இவர் இந்தக் கழுதைகளைக் கொண்டுவந்த அன்னிக்கு, "ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"னு கத்தினவ நான். இப்ப செத்துப்போச்சுன்னா என்ன நினைப்பார்? வேணும்னே விட்டுட்டேன்னு நினைக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். ஒண்ணுமே சொல்ல மாட்டார். பையை எடுத்துட்டுப் போனாரே, அந்த மாதிரி பேசாம இருப்பார். அதைத்தான் என்னால தாங்க முடியாது.

எதிர்வீட்டு டெய்லர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்து நின்றார். சண்டைக்கு வருகிறாரோ என்று பார்த்தேன். "என்னம்மா, நாலு நாளா சத்தமே இல்லை? மனசே சரியில்லை" என்றார். மேனேஜரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர், பழைய கம்பளியை வெட்டி ஒரு போர்வை தைத்து அனுப்பியிருக்கிறார். கழுத்துப் பக்கம் பட்டன் வேறு.

ஷெட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போகும்போதெல்லாம் பொட்டலம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தே நிற்கிறது. வீட்டுப் பக்கம் இருக்கிற சுவர்.

மார்ச் 10, திங்கள்

வீடு இன்னும் கூட்டாமல் கிடக்கிறது. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் ஷெட் கதவைத் திறந்தேன். போன் அடித்தது. ஒரு கையில் வாளி, ஒரு கையில் போன். அந்த இடைவெளியில் பொட்டலம் என்னை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. தெருப் பக்கம் ஓடும் என்று நான் கேட்டைச் சாத்த ஓடினால், அது நேராக வீட்டு வாசற்படி ஏறி உள்ளே போகிறது! முன்னறை, அங்கிருந்து என் வேலையறை. காயவைத்திருந்த மாவு அச்சுகளை மிதித்து, பெரியவர் இன்னும் வாங்கிப் போகாத பல் செட்டையும் தட்டிவிட்டு மிதித்ததில், அவர் ஆசைப்பட்ட இடைவெளி சுக்குநூறு. பிறகு சமையலறை. துருவிய கேரட் தட்டு அதன் மூக்குக்கு நேரே இருந்தது, ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்கதவு வழியாகக் கொல்லைக்குப் போய்விட்டது. வீடு முழுக்க வெள்ளைக் குளம்பு அடையாளம்.

நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டில் கதவைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தது. "அடியே, உள்ள நோயாளிடி!" என்று கழுத்தைக் கட்டி இழுத்தேன். இம்மி அசையவில்லை. அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். எண்ணெய் இல்லாத கீல் மாதிரி, ஈனமாக. மேனேஜர். நான்கு நாளாக வாயைத் திறக்காத மேனேஜர்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இரண்டுக்கும்தான் வந்தாகிவிட்டதே, இனி யாரிடமிருந்து யாருக்குத் தொற்றும்? தாழ்ப்பாளை எடுத்தேன்.

ஓடவில்லை, துள்ளவில்லை. பொட்டலம் உள்ளே போய் மேனேஜரின் கழுத்தின் மேல் தன் கழுத்தைப் போட்டுக்கொண்டது. அப்படியே நின்றன. வெகுநேரம். பிறகு பொட்டலம் குனிந்து ஒரு வாய் வைக்கோலைக் கவ்வியது. வாயிலிருந்து தொங்கிய அந்த நுனியை மேனேஜர் பிடித்து இழுத்தது. மென்றது. மென்றுகொண்டே இருந்தது.

வைக்கோலிலேயே உட்கார்ந்து அழுதேன். சிவப்பு டேப் ஒட்டிய வாளியில் இரண்டும் மாறி மாறித் தண்ணீர் குடித்தன.

மார்ச் 11, செவ்வாய்

பரிசோதனை முடிவெல்லாம் வந்துவிட்டது. தொத்து நோய் எதுவும் இல்லை. டாக்டரம்மா கொட்டில் வாசலில் நின்று இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் பேராசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டாராம். ஜோடியாக வளர்ந்த கழுதைகளை, ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பிரிக்கவே கூடாதாம். பிரித்தால் இரண்டும் பட்டினி கிடக்குமாம்.

"முதல் நாள் சும்மா வயித்து வலியா இருந்திருக்கும். தானா சரியாகியிருக்கும். நான்தான் பிரிச்சு வைக்கச் சொன்னேன்" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"நீங்க சொன்னீங்க, நான் டேப் ஒட்டினேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ரத்தத்தில் இன்னும் பால் நிறம் இருக்கிறது. ஆனால் குறைகிறது. ஈரல் தேறிவிடும் என்கிறார். இன்னும் சில நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித்தான்.

சாயங்காலம் போனில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த மௌனம் வந்துவிட்டதோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீ சாப்பிட்டியா?" என்றார்.

"ரொட்டி."

"நேத்து?"

"ரொட்டிதான்."

"எனக்கும் இங்க ஒண்ணும் தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்றார்.

நான் என்ன கழுதையா? எத்தனை தடவை இந்த வார்த்தையை மற்றவர்களைத் திட்டச் சொல்லியிருக்கிறேன்! ஆமாம், நானும் கழுதைதான் போலிருக்கிறது. கழுதைக்காவது கதவை முட்டத் தெரிந்திருக்கிறது.

"உங்க அண்ணனையும் கூட்டிக்கிட்டு இங்க வந்துடுங்க" என்றேன்.

"நிஜமாவா சொல்ற?"

"கேட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா மனசு மாறிடும்."

மார்ச் 14, வெள்ளி

மேனேஜர் இன்று என்னைக் குறை சொல்லும் கண்ணோடு பார்த்தது. வைக்கோல் பழசாம்.

மார்ச் 17, திங்கள்

பெரியவருக்குப் பல் செட் திரும்பச் செய்து கொடுத்தேன். ஏன் தாமதம் என்று கேட்டார். கழுதை மிதித்துவிட்டது என்றேன். நம்பவில்லை. ஆனால் இடைவெளி தெரியச் சிரித்தார்.

ஏப்ரல் 5, சனி

வேலையறையை ஷெட்டுக்கு மாற்றிவிட்டேன். அந்த அறையில் இப்போது இவருடைய அண்ணன். ஜன்னலுக்கு வெளியே கொல்லை. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் குறை: காபியில் சூடில்லை, தலையணை மேடாக இருக்கிறது, "இதெல்லாம் ஒரு கழுதையா? கொசு மாதிரி இருக்கு." நானும் விடுவதில்லை. "முதல்ல நீங்க எழுந்து நடங்க, அப்புறம் கழுதைக்கு உயரம் அளக்கலாம்." ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு தினமும் கொட்டில் வரை நடக்கிறார், அதற்கு இன்னொரு குறை சொல்லிவிட்டு வர. இவரும் பின்னாலேயே போகிறார், அண்ணன் விழுந்துவிடுவாரோ என்று.

இன்று மேனேஜர் கத்திய கத்தலில் டெய்லர் ஜன்னலைப் படாரென்று சாத்தினார். எல்லாரும் சிரித்தோம். அண்ணன்கூட. சாப்பாடு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

பாத்திரம் கழுவும்போது பார்த்தேன். தொட்டிக்கு மேல் அலமாரியில் ரொட்டிப் பாக்கெட், பிரிக்காமலேயே பூஞ்சை பிடித்துக் கிடந்தது. கழுதைகளுக்கு ஆகாது. குப்பையில் போட்டேன்.