டக் எழுதிய இரண்டு கடிதங்கள்

4.11.94 வெள்ளி

மழை. பின்னேரம் மழையோடு பனி. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் மட்டும்தான் வேலை. மிசிசாகா குடிவரவுக் கந்தோருக்குப் போய்ச்சேர இரண்டு மணித்தியாலம். பார்த்த ஃபைல் முப்பத்தொன்று. மத்தியானம் யாரோடும் கதைக்கவில்லை.

கந்தசட்டி தொடங்கிவிட்டது. அம்மா பாலும் பழமும். இந்த முறை அண்ணாவின் அகதிக் கேசுக்காக. ஹியரிங் 15ஆம் திகதி.

லோயர் கேட்டவை:
அடையாள அட்டை மொழிபெயர்ப்பு - முடிந்தது.
அண்ணாவின் கதை, 9 பக்கம், அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதியது - போன வருடமே கொடுத்தாச்சு.
வேலை இடத்துக் கடிதம் - இல்லை.

அண்ணா கதவு செய்கிற தொழிற்சாலையில். சூப்பர்வைசர் டக்கிடம் கேட்கச் சொன்னேன்.

"கேட்டனான். எழுதித் தாறாராம். மான் வேட்டைக்கும் வரட்டாம்."

"நீங்கள் அங்கை என்ன செய்யிறது?"

"கத்திக் கத்தி மானைக் கலைச்சுவிடுறது. லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு வேறை என்ன வேலை?"

சிரித்தார். கனடாவுக்கு வந்து பதினாறு மாதத்தில் மூன்றாம் தரமோ நாலாம் தரமோ.

6.11 ஞாயிறு

வெளிச்சம். குளிர்க் காற்று.

டக் கீழே வந்து நின்றார். பெரிய உடம்பு, சிவந்த காது, கோட்டில் யுத்த நினைவுப் பொப்பிப் பூ. அம்மாவைக் கும்பிட்டார், கை நெற்றிக்கு மேலே போய்விட்டது, கோயிலில் போல. அம்மாவுக்கு அதனாலேயே பிடித்துவிட்டது.

அண்ணாவுக்கு வேட்டைக்கு ஒரேஞ்சு மேலங்கி, ஒரேஞ்சுத் தொப்பி. டக்கின் மருமகனுடையதாம். தோள் தொங்குகிறது.

ட்ரக்கில் துவக்கு. உறையைத் திறந்து எனக்குக் காட்டினார். பட்டாளத் துவக்கு, 303, உலக யுத்தத்து மிச்சம். மரம் கறுத்து, எண்ணெய் மணம். தன்னைவிட அதற்கு வயது கூட என்றார். நான் தலையாட்டினேன்.

அண்ணா மற்றப் பக்கம் திரும்பி பார்க்கிங் போர்டை வாசித்துக்கொண்டு நின்றார். நாலு வரி போர்ட். நீண்ட நேரம் வாசித்தார்.

8.11 செவ்வாய்

விடியப் பனி. கால் சப்பாத்து ஒழுகுகிறது. வாங்க வேண்டும்.

வேலையால் வர, அண்ணா வந்திருந்தார். கறுப்புக் குப்பைப் பைக்குள் ஒரு மான் தொடை. அம்மா குசினி வாசலை மறித்துக்கொண்டு:

"கந்தசட்டிக்கை மானைக் கொண்டந்திருக்கிறியே! வள்ளியம்மை மான் வயித்திலை பிறந்தவவடா. முருகன்ரை மாமியாரை வெட்டிக்கொண்டு வந்து, முருகனிட்டையே கேஸ் வெல்லக் கேக்கிறன் நான்!"

"நான் வெட்டேல்லை அம்மா. டக் வெட்டினவர்."

"சுட்டது ஆர்?"

"அவர்தான்."

முருகனுடைய மாமியார் இப்போது பல்கனியில், பழைய பால் பெட்டிக்குள். வெளியில் பிரிட்ஜ் மாதிரிக் குளிர். புறா வராமல் மேலே என்னுடைய பயோலொஜிப் புத்தகம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியின் புத்தகம்.

அண்ணா நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவக் கனநேரம் எடுத்தார்.

10.11 வியாழன்

அம்மா பாரணை முடித்துவிட்டா. மெலிவு.

டக்கின் கடிதம் வந்தது. அண்ணா உறையைத் திறக்காமலே தந்தார். "இங்கிலீசு. நீ பார்."

கை எழுத்து, இரண்டு பக்கம். முதல் பக்கம் நல்லது. நேரத்துக்கு வருவார், லீவு எடுப்பதில்லை, மற்றவர்களுக்கு உதவி.

இரண்டாம் பக்கம் வேட்டை. சுருக்கம்: டக் சுட்டு மான் இடுப்பில் காயம். எழும்ப முடியாமல் உதைத்துக்கொண்டு கிடந்தது. அவர் குண்டுகளை அவசரத்தில் மாறி அடுக்கியிருந்தார், விளிம்போடு விளிம்பு கொளுவித் துவக்கு இறுகிவிட்டது. அவரால் எடுக்க முடியவில்லை. அண்ணா கேளாமலே வாங்கி, குண்டுகளைக் கழற்றி, சரியாக அடுக்கி, ஒரே வெடி. "முப்பது வருடமாக இந்தத் துவக்கு என்னிடம். இவ்வளவு வேகமாக எவரும் செய்து நான் கண்டதில்லை. பிறவிப் போர்வீரன். இப்படிப்பட்டவர்கள் கனடாவுக்கு வேண்டும்."

உள்ளே போட்டோவும். பனி, மான், ஒரேஞ்சுத் தொப்பி, அண்ணா. துவக்கு முழங்கையில், வாய் நிலத்தைப் பார்க்க. விரல் விசையில் இல்லை, அதற்கு வெளியே நீட்டி. தெரிந்தவர்கள் பிடிக்கிற மாதிரி.

நான் எழுதிய ஒன்பது பக்கத்தில் ஆறாம் பக்கம்: எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை. எந்த ஆயுதத்தையும் தொட்டதில்லை.

அண்ணாவின் ஹியரிங் சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டே கேட்டேன்.

"எத்தினை நாள் இருந்தனீங்கள்?"

"எங்கை?"

போட்டோவைக் காட்டினேன். பார்த்தார். திருப்பி வைத்தார்.

"பதினொரு மாசம். பிறகு ஓடினனான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் நீ எழுதியிருப்பாய். உனக்குப் பொய் எழுதத் தெரியாது."

பிறகு, "அது உதைச்சுக்கொண்டு கிடந்தது, சுமதி."

கொலர் இரண்டு தரம் அயன் பண்ணினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. சேர்ட்டைக் கொளுவினேன்.

11.11 வெள்ளி

வெளிச்சம், காற்று இல்லை. சப்வேயில் எல்லார் கோட்டிலும் பொப்பி. பதினொரு மணிக்கு, யுத்தத்தில் செத்தவர்களுக்காக, கந்தோரில் இரண்டு நிமிடம் மௌனம். எனக்குப் பழக்கமான வேலை.

மத்தியானம் டக்குக்குப் போன். சொல்ல வேண்டியதை முதலே கடதாசியில் எழுதினேன்:
1. கடிதத்துக்கு நன்றி.
2. ஒரு பக்கம் போதுமாம்.
3. வேட்டை வேண்டாம்.

ஏன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கேட்டார். விசாரிக்கிறவருக்கு மான் பிடிக்கலாம் என்றேன். வாயில் வந்தது அதுதான்.

பலமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

தன் தகப்பன் யுத்தத்தில் அதே மாதிரித் துவக்கோடு இருந்தவராம், வீட்டில் ஒரு நாளும் அந்தக் கதை எடுத்ததில்லையாம். "சரி பிள்ளை. திங்கள் கொடுத்துவிடுகிறேன்."

வைத்த பிறகுதான் தெரிந்தது, முழு நேரமும் நின்றுகொண்டு கதைத்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

13.11 ஞாயிறு

உடுப்புத் தோய்த்தது. சப்பாத்து வாங்கவில்லை. அம்மா: "என்ன ரெண்டுபேரும் செத்தவீடு மாதிரி?"

லோயருக்கு உண்மையைச் சொல்வதா? யோசித்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஃபைல் பார்க்கிறதுதானே என் வேலை.

14.11 திங்கள்

மப்பு வானம்.

இரண்டாம் கடிதம். ஒரு பக்கம், டைப் அடித்தது. முதல் இரண்டு பந்தி பழையதுதான். மூன்றாவது புதிது:

"ஒருமுறை வேட்டைக்குக் கூட்டிப்போனேன். துவக்கைக் கண்டதும் வெளிறிவிட்டார். ட்ரக்கில் இருக்கச் சொன்னேன். இரண்டு நாளும் எங்களுக்குத் தேத்தண்ணீர் போட்டார். மிக நல்ல தேத்தண்ணீர்."

நான் கேட்டது எழுதாமல் விடச் சொல்லி மட்டும்தான்.

உறைக்குள் இன்னும் ஏதோ. போட்டோவின் நெகட்டிவ். ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அது மட்டும்.

ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். பனி கறுப்பு. அண்ணாவின் முகம் வெளிறி, யாரோ வெள்ளைக்காரன் மாதிரி. துவக்கு வெள்ளை. கத்தரிக்கோலால் நறுக்கினேன். போட்டோவையும். பழைய கடிதத்தை அண்ணா பல்கனியில் எரித்தார், மானுக்குப் பக்கத்தில்.

15.11 செவ்வாய்

மழை. ஒன்பது மணிக்கே போய்விட்டோம். சிறிய அறை, கொடி, தண்ணீர் ஜக். விசாரித்தது ஒரு பெண்மணி, சாம்பல் கோட். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தடிமனோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஊர், திகதி, செக் பொயின்ற், தடுத்துவைத்த இடம். அதெல்லாம் உண்மை. அண்ணா தடுமாறவில்லை.

பிறகு பெண்மணி டக்கின் கடிதத்தை எடுத்தார். மூன்றாம் பந்தியில் சிரித்தார்.

"வேட்டை பிடிக்கவில்லையா?"

மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். அண்ணா தன் கையைப் பார்த்தார்.

"அது சாகக் கஷ்டப்பட்டது."

பெண்மணி எழுதிக்கொண்டார்.

என்னிடம் ஒரே கேள்வி. ஒன்பது பக்கத்தையும் எழுதியது நீங்களா?

ஓம் என்றேன்.

மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். பல்கலைக்கழகத்தில்கூட இப்படி ஒருவரும் சொன்னதில்லை.

இருபது நிமிட இடைவேளை. திரும்பி வந்து, அண்ணாவை அகதியாக ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். லோயர் கை கொடுத்தார். அண்ணா வெளியில் போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

வீட்டில் அம்மா தேங்காய் உடைத்தா. பிறகு பல்கனிக் கதவைத் திறந்தா.

"இனிச் சமைக்கலாம்தானே?"

"ஓம்" என்றார் அண்ணா.

மிளகு கூடப் போட்டு, நல்லாய் வேக வைத்து. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அண்ணா குழம்பு மட்டும்.

டக்குக்கு ஒரு டப்பா. உறைப்புக் குறைத்து, தனியாக. அண்ணா நாளைக்கு மறக்காமல் கொண்டுபோக வேண்டும்.