அண்ணைக்கு ஏலாது

அண்ணை,

உங்கள் வெள்ளைக் காற்சட்டை மூன்று கிழமையாக என் கதிரை முதுகில் கிடக்கிறது. நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து, வாசலில் எல்லாரும் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தபோது, உங்களைக் கட்டியதால் எங்கள் எல்லாருக்கும் அக்காவானவர் அதை ஒரு மரக்கறிக் கடைப் பையில் போட்டு என்னிடம் தந்தார். "கிளப்பில ஒரு பெடியனுக்குக் குடுங்கோ. தோய்ச்சு மினுக்கித்தான் வைச்சிருக்கு. அந்தச் சிவப்பு மட்டும் போகாது" என்றார்.

அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். பந்து போட ஓடிவர முன்னர் அதை வலது தொடையில் தேய்ப்பீர்கள். வருஷக்கணக்காகத் தேய்த்ததில் உள்ளங்கை அகலத்துக்கு ஏறிய கறை. எனக்குத் தெரியாமல் இருந்தது இடுப்பு. வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தபோதுதான் கண்டேன். இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குப் பிடித்துத் தைத்திருந்தது. துணி பழுத்துப்போன வெள்ளை, நூல் புது வெள்ளை. பொக்கற்றுக்குள் தோர்ண்டன் ஹீத் தையற்கடை ரசீது ஒன்று. நீங்கள் அதைத் தைத்து எடுத்தது போன ஓகஸ்டில், எங்கள் மட்சுக்கு ஐந்து நாள் முன்பு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. உங்களுக்காக எழுதியவைதான் எல்லாம். மைதானம் கேட்டுக் கவுன்சிலுக்கு, மழையில் நின்றுபோன ஆட்டத்தைத் திரும்பக் கேட்டு லீக்குக்கு, ஒருமுறை நடுவரை நீங்கள் ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டு. "பந்து போட நான், கடிதம் போட நீ" என்பீர்கள். என் பெயரை நீங்கள் சொன்ன நாட்கள் குறைவு. எப்போதும் "செக்கிறற்றரி" தான்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அந்த ஈரப் புல்லில் நாங்கள் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கியபோது பதினொரு பேர் சேர்வதே பெரும்பாடு. எல்லாரும் அகதியாக வந்தவர்கள். ஒருவன் ஷிப்ட் முடிந்து நேரே வருவான், இன்னொருவன் ஷிப்டுக்காகப் பாதியில் ஓடுவான். ஆனால் நீங்கள் பந்து போடும் நாளில் எவனும் ஓடுவதில்லை. வெளியே போகிறதுபோல் வந்து கடைசி நேரத்தில் உள்ளே வளையும் உங்கள் பந்தைப் பார்க்கப் பெண்சாதி பிள்ளைகளுடன் வந்து நின்றார்கள். பத்து வருஷம் அந்த மைதானம் உங்களுடையதாக இருந்தது. நான் பத்தாவதாகத் துடுப்பெடுத்து, எல்லைக்கோட்டில் நின்று, ஓட்டக் கணக்கு எழுதியவன். அதில் எனக்குக் குறையில்லை.

குறை ஒரு கோடையின் லீக் இறுதியாட்டத்தில் வந்தது. அந்தக் கோடை முழுக்க ஒரு ஆட்டமும் விடாமல் விளையாடினேன். இறுதியாட்டத்துக்கு ஒரு கிழமை முன்பு ஜெர்மனியிலிருந்து ஒருவன் வந்து இறங்கினான், ஆறடி உயரம். அன்று காலை கார் நிறுத்துமிடத்தில், எல்லாருக்கும் முன்னால், சிரித்தபடி சொன்னீர்கள்: "செக்கிறற்றரி, இண்டைக்கு நீ தண்ணி கொண்டு வா." என் இடம் அவனுக்கு. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிண்ணத்தை வென்றோம். கிளப் சுவரில் இன்றைக்கும் தொங்கும் அந்தப் படத்தில் நான் இல்லை. படம் எடுத்தவன் நான்.

நான் மறக்கிற ஆள் இல்லை. என் பட்டத்தைப் பார்த்துவிட்டு "இது இங்கே செல்லாது" என்ற அதிகாரியின் முகம், என்னைத் தாண்டிப் பதவி உயர்ந்த மூன்று பேரின் பெயர்கள், எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவர்கள் எவரிலும் எனக்கு அன்பு இருந்ததில்லை. உங்களில் இருந்தது. அதனால் அந்த ஒரு வசனம் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கிவிட்டது. உங்களுக்கு அது நினைவிலேயே இருந்திருக்காது.

போன வருஷம் அபிஷன் என்னிடம் வந்தான். இங்கே பிறந்த பிள்ளை, பத்தொன்பது வயது, இப்போதைய தலைவன். கவுண்டி அணியின் தெரிவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போவதற்கு முன் பழைய ஆட்களோடு ஒரு மட்ச் வேண்டும் என்றான், ஓகஸ்ட் பாங்க் ஹொலிடேயில். அதிலும் உங்கள் பந்துதான் அவனுக்கு வேண்டும்.

"அங்கிள், அவர் ஒரு ஓவர் போட்டால் காணும். ஒரே ஒரு ஓவர். அவரை ஃபேஸ் பண்ணாட்டி நீ பற்ஸ்மனே இல்லை எண்டு அப்பா எந்த நாளும் சொல்லுறார்."

"கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

கேட்பது என்றால் என்ன என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். எங்கள் கிளப்பில் பழைய ஆட்களை வட்ஸ்அப்பில் கூப்பிடுவதில்லை. செக்கிறற்றரி வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, நேரில் சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தைத் தொடக்கியவரே நீங்கள்தான். "தபால்காரன் சொல்லி நான் வாறேல்லை. நீ வந்து சொல்லு." மற்றப் பத்துப் பேரின் வீட்டுக்கும் போனேன். உங்கள் தெருவழியாக இரண்டு தரம் பஸ்ஸில் போனேன். இறங்கவில்லை.

அடுத்த கிழமை அபிஷன் கேட்டான். "அண்ணைக்கு ஏலாது" என்றேன்.

"ஏலாதெண்டா என்ன அங்கிள்? சிக்கா? இல்லாட்டி வர விருப்பமில்லையா?"

அவனுக்குத் தமிழ் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் நான் ஒளிந்திருந்த இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்டான். "ஏலாதெண்டா ஏலாது" என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. பெயர்ப் பட்டியலில் பதினோராவது பெயராக என்னுடையதை எழுதினேன்.

மட்ச் விஷயம் மற்றவர்கள் சொல்லி உங்கள் காதுக்கும் வந்திருக்க வேண்டும். மட்சுக்கு மூன்று நாள் முன் நீங்கள் ரெலிபோன் எடுத்தீர்கள். மழை பற்றிக் கதைத்தீர்கள். பிறகு, "இந்த முறை பந்து புதுசோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அண்ணை. புதுசு."

வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. "நல்லது" என்று வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் பந்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். தைத்த காற்சட்டை அப்போது உங்கள் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் தெரியாது. ஏன் இடுப்புச் சிறுத்தது என்பதும் தெரியாது. உங்கள் வருத்தத்தை, அந்த நோயை, அக்காவைத் தவிர ஒருவருக்கும் நீங்கள் சொல்லியிருக்கவில்லை.

மாசியில் ஆஸ்பத்திரியில் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தேன். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தீர்கள். முதல் கேள்வியே, "அண்டைக்கு எனக்குப் பதிலா ஆர் ஓவர் போட்டது?"

"நான்தான்."

இருமல் வரும்வரை சிரித்தீர்கள். "நீயோ! அபிஷனுக்கோ? எத்தினை சிக்ஸ்?"

"மூண்டு."

"பரவாயில்லை. நானெண்டாலும் ரெண்டு குடுத்திருப்பன்."

ஏன் மட்சுக்கு வந்து சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்தக் கார் நிறுத்துமிடத்துக் கதையைச் சொல்லிச் சண்டை பிடித்திருப்பேன். சமாதானமும் ஆகியிருக்கலாம். நீங்கள் என் கையைத் தட்டி, "செக்கிறற்றரி, உனக்குப் பந்து குத்துற லெங்த் பிழை" என்றுமட்டும் சொன்னீர்கள்.

நீங்கள் போனபிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். செத்தவீட்டில் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். "செக்கிறற்றரிக்கு அண்ணையின்ரை வருத்தம் முதலே தெரியும். ஏலாது எண்டுமட்டும் சொல்லிப்போட்டு வாயைத் திறக்கேல்லை. அதுதான் சிநேகிதம்." அக்கா கண்ணைத் துடைத்தபடி, "அவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே, உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டார். "முகத்தைப் பாத்தால் தெரியாதோ அக்கா" என்றேன். என் பொய்யை உங்கள் நோய் உண்மையாக்கிவிட்டது. பேசாமல் விட்டிருந்தால் சாகும்வரை நல்லவனாகவே இருந்திருப்பேன். அந்தக் காற்சட்டை விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அபிஷன் கால்கவசம் கட்டிக்கொண்டிருந்தான்.

"போன வருஷம் அண்ணைக்கு ஏலாதெண்டு சொன்னனான் எல்லே? அது பொய். நான் அவரைக் கேக்கவே இல்லை."

பட்டியை இழுத்த கை நின்றது. "வெயிட். அப்ப, அவருக்கு ஏலுமாயிருந்ததோ?"

"ஒரு ஓவர் ஏலும். உன்ரை மட்சுக்கெண்டு இதை இடுப்பில பிடிச்சுத் தைச்சு வைச்சிருந்தவர்."

அவன் அந்தப் புது நூலைப் பார்த்தான். "ஏன் அங்கிள்?"

எவ்வளவோ கடிதம் எழுதியவன் நான். அந்த ஒரு கேள்விக்கு வந்தது இவ்வளவுதான்: "ஒருக்கா என்னைத் தண்ணி கொண்டு வரச் சொன்னவர்."

"தண்ணியோ?" என்றான். அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. அவன் வாயில் கேட்டபோது எனக்கும் விளங்கவில்லை. காற்சட்டையை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தான். "எனக்கு வேண்டாம் அங்கிள். உங்களிட்டையே இருக்கட்டும்" என்றுவிட்டுத் துடுப்பெடுத்தாடப் போனான்.

இடைவேளைக்கு நடுவர் கை காட்டினார். தண்ணீர்ப் போத்தல் கூடை எல்லைக்கோட்டருகே இருந்தது. கொண்டுபோக வேண்டிய பெடியன் போனில் நின்றான். நான் தூக்கிக்கொண்டு நடுவுக்குப் போனேன். அபிஷன் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு போத்தலை எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்பக் கூடையில் போட்டான். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கிழமை வீட்டுக்குப் போய், நேரில் சொல்ல வேண்டும்.

கூடை பாரமில்லை, அண்ணை. திரும்பி நடந்து வரும்போதுதான் நீங்கள் சொன்ன வசனத்தை முழுதாகக் கேட்டேன். "இண்டைக்கு" என்றுதான் சொன்னீர்கள். ஒரு நாளைக்குத்தான் சொன்னீர்கள்.